முசே பெலாரின் குடை

வெளியே மழை கொட்டும்போது முசே பெலார் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொள்வார். மாதா கோயில் வாசலைத் தாண்டிய பிறகுதான் விரிப்பார். மழை வெறும் தண்ணீர்தானே, உள்ளே தலைக்கு மேல் தொங்குவது எண்ணூறு வருடத்துக் கல் என்பது அவர் வாதம்.

விரித்த குடையோடு தூண் தூணாகப் போவார். விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிக் காதை ஒட்டிக் கேட்பார். டாக்டர் நெஞ்சு பார்ப்பதுபோலத்தான். என்ன, இங்கே வேர்த்து விறுவிறுப்பது டாக்டருக்கு.

பிரான்சில், லுவார் ஆற்றுக்குத் தெற்கே சாய்ந்தும் சரிந்தும் கிடந்த இருபத்தேழு கோயில்களை நிமிர்த்தி வைத்தவர் அவர். ஒனேசிம் பெலார் என்ற பெயரைச் சொன்னால் பழங்கட்டடங்களைக் காக்கும் பாரிஸ் அலுவலகத்தில் எழுந்து நிற்பார்களாம். இப்போது வேலை நடக்கும் வில்மோர் என்ற ஊரில் யாரும் எழுந்து நிற்பதில்லை. "குடைக்காரர் வந்துட்டாரு. யாரும் தும்மாதீங்கடா, கூரை விழுந்துடும்" என்பார் தச்சு மேஸ்திரி மார்சியால்.

எந்த ஊர்க் கோயிலிலும் பூசையை வாசல் நிலையை ஒட்டி நின்றபடியே கேட்பார். உட்கார்ந்தால் எழுந்து ஓட நேரமாகும் அல்லவா? மதியச் சாப்பாடும் அங்கேதான். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ். ஒரு கண் சீஸில், ஒரு கண் கூரையில்.

போன குளிர்காலத்தில் சாரத்தின் மேலிருந்த கொத்தனார்கள் ஒரு பிடி காய்ந்த பட்டாணியை அந்தக் குடைமேல் உதிர்த்தார்கள். சிரிக்கத் திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றுவிட்டன. அவர் ஓடவில்லை, திட்டவில்லை. மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி நகத்தால் கீறிப் பார்த்தார். பட்டாணிதான் என்று உறுதியானதும் மேலே பார்த்து "ரொம்ப நன்றி" என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் பிறகு மேலிருந்து எதுவும் விழவில்லை.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், வேறோர் ஊரில், 'இனி பயமில்லை' என்று அவர் கையெழுத்துப் போட்ட கூரை, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை விழுந்தது. நாற்பத்தோரு நாற்காலிகள் நொறுங்கின. ஆள் ஒருவருமில்லை. ஆனால் ஞாயிறன்று அந்த நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

கோயில் சாவி வைத்திருக்கும் ஓடில் ஒருநாள் அதைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். "இவங்க யாருக்கும்தான் ஒண்ணும் ஆகலையே முசே. அப்புறம் எதுக்கு இது?"

"ஆகலைன்னுதான்" என்றார்.

விரிசல் கண்ட இடத்திலெல்லாம் விரல் நீளத்துக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டர் பட்டை பூசி, அதில் தேதி எழுதுவார். கல் மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வில்மோர் கோயிலில் அப்படிப் பதினான்கு.

அங்கே கூரையைக் கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை ஊர் பள்ளிக்கூடத்தில் பூசை கண்டது. கூரையைத் தாங்கி நின்ற மரச் சட்டத்தை, அதாவது சென்ட்ரிங்கைப் பிரித்து, அவர் கையெழுத்தும் போட்டுவிட்டால் வரும் ஞாயிறு கோயில் திறந்துவிடும். பிரிக்கும்போது கூரையை வரைந்தவர் அதன் கீழே நிற்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துத் தச்சர்கள் விடாத வழக்கம்.

நின்றார், குடையோடு. காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்குங்க முசே" என்றார் மார்சியால்.

"மூடினா சத்தம் பெருசாக் கேக்கும் மேஸ்திரி. நீங்க தட்டுங்க."

சட்டத்துக்கு முட்டுக்கொடுத்த ஆப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பதினோராவதில் 'டக்' என்றது. மூன்றாம் தூணின் பட்டை இரண்டாகப் பிளந்திருந்தது.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. புதுக் கூரை தன் பாரத்தைத் தானே வாங்கும்போது கொஞ்சம் இறங்கும். விழப்போகிற கூரையும் முதலில் கொஞ்சம்தான் இறங்கும். இது எந்த இறக்கம் என்று பட்டை சொல்லாது.

பெலார் வாசலைக் கையால் காட்டினார். கொத்தனார்கள் போனார்கள். மார்சியால் அசையவில்லை. "நானும் போயிட்டா மிச்ச ஆப்ப யாரு கழட்டுறது, உங்க குடையா?"

பெலார் புதுப் பட்டை பூசித் தேதியும் மணியும் எழுதினார். அது காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பன்னிரண்டாவது ஆப்பு. பதின்மூன்று. கடைசி ஆப்பும் கழன்றது. பட்டை உடையவில்லை. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

கொத்தனார்கள் திரும்பி வந்து, சாயங்காலத்துக்குள் மரத்தையெல்லாம் வெளியேற்றினார்கள். மார்சியால் காகிதத்தை நீட்டினார். பெலார் பேனாவைத் திறந்தார், மூடினார். "இன்னும் பத்து நாள் பாக்கலாம்."

"முப்பத்தோரு வருஷமாப் பாத்துட்டுத்தான் இருக்கீங்க" என்றாள், கோயிலைப் பூட்ட வந்திருந்த ஓடில். ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து உச்சிக்கல்லுக்கு நேர் கீழே போட்டு, உட்கார்ந்து, பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தாள். "ரெண்டு வருஷமா சின்னப் புள்ளைங்க பெஞ்சு. முழங்கால் தாடையில இடிக்குது."

"ஓடில், எழுந்திரிங்க."

"மாட்டேன்."

"விழுந்துட்டா?"

"உங்க தாள்ல நாப்பத்திரண்டாவதா எழுதிக்குங்க."

மார்சியால்கூடச் சிரிக்கவில்லை. பெலார் மெல்ல நடந்து அவள் பின்னால் போய் நின்றார். காகிதத்தை அவள் நாற்காலியின் சாய்மானத்தில் வைத்தார். இடது கையால் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார். அவருடைய வழுக்கைத் தலை குடைக்கு வெளியே இருந்தது.