கணக்கில் வராத பந்துகள்

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில், பந்து கையை விட்ட நொடியில், என் வலது முழங்கையின் உட்புறத்தில் தையல் பிரிவது போல் ஓர் உணர்வு. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

2. ஆட்டத்தை முடித்தேன். வென்றோம்.

3. திங்கள் காலை வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. அம்மா தலை பின்னிவிட்டார். காரணம் கேட்டார். தூக்கத்தில் கை மடங்கிவிட்டது என்றேன்.

4. புதனன்று பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்தபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. இறங்கிக் கையை உதறியதும் சரியாயின.

5. வெள்ளியன்று வேலையிடத்தில் சால்டரிங் (சூடான முனையால் ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) செய்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெண் என் கையைச் சுட்டிக்காட்டினாள். சுண்டுவிரலின் ஓரத்தில் கொப்புளம். சூடான ஏதோ ஒன்றின் மேல் விரலை வைத்திருந்திருக்கிறேன். எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

6. சனிக்கிழமை மருத்துவரிடம் போனேன்.

ஐந்தாவது நிகழ்ச்சிதான் என்னை அனுப்பியது. வலி எனக்குப் பழக்கமானது. சுட்டும் வலிக்காமல் இருந்தது பழக்கமானதல்ல.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்து, இந்திராநகர் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்யும் வேலையில் இருந்தேன். வீடு ஜோகுபாளையத்தில். பாலிடெக்னிக் நாட்களிலிருந்து பேஸ்பால் ஆடி வந்தேன். எங்கள் பெண்கள் அணியில் நான்தான் பிட்சர். மட்டை பிடித்து நிற்பவரை நோக்கிப் பந்தை எறிபவருக்கு அந்தப் பெயர். கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடிவந்து, கையை மடக்காமல் வீச வேண்டும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, சாட்டையைச் சொடுக்குவது போல் எறிவோம். அந்தச் சொடுக்கு முழுவதும் முழங்கையின் உட்புறத்தில்தான் விழுகிறது என்பதை மருத்துவர் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை.

இதை வாசிப்பவர்களில் பேஸ்பால் ஆடுபவர்கள் மிகச் சிலரே இருப்பீர்கள். ஆனால் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்புகள் நன்றாக இருந்தன. மருத்துவர் என் மேல்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்புறமாகத் தள்ளினார். முழங்கை ஒரு கதவைப் போல் லேசாகத் திறந்தது. இடது கையில் அப்படிச் செய்தபோது திறக்கவில்லை. இரண்டையும் மறுபடி செய்து காட்டச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காட்டினார்.

லிகமென்ட் (எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார்) பாதி கிழிந்திருந்தது. மூட்டு தளர்ந்ததால் அதன் பக்கத்தில் போகும் அல்நார் நரம்பு (முழங்கையை இடித்துக்கொண்டால் விரல்வரை மின்சாரம் பாய்வது போல் இருக்குமே, அந்த நரம்பு) ஒவ்வோர் எறிதலிலும் இழுபட்டிருந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது அதுதான்.

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பந்து எறிவேன் என்று கேட்டார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகளின் எல்லா ஆட்டங்களும் அதில் இருந்தன. எதிலும் தொண்ணூறைத் தாண்டவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இது ஞாயித்துக்கிழமை. மீதி நாள் கை சும்மாவா இருக்கு?"

சும்மா இல்லை. வாரத்தில் மூன்று மாலை பயிற்சி. என்னைத் தவிர அணியில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மட்டை பிடித்துப் பழக இருபது பந்தாவது வேண்டும். எறிவது நான்தான். வேகமாக எறிந்தால்தான் பழக்கம் வரும் என்று அவர்கள் கேட்பார்கள், நானும் எறிவேன். அதை நாங்கள் பிட்சிங் என்று சொன்னதே இல்லை. 'போட்டுக் கொடுப்பது' என்போம். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது போல ஓர் உதவி. நோட்டில் அதற்கு இடம் இல்லை.

அவருடைய மேசையிலேயே பெருக்கிப் பார்த்தேன். வாரத்துக்கு எழுநூற்று இருபது. நோட்டில் இருந்தது தொண்ணூறு.

"கைக்கு மேட்சா பிராக்டிஸான்னு தெரியாதும்மா," என்றார்.

பிறகு வழிகளைச் சொன்னார். எறிவதை நிறுத்தினால் நார் தழும்பாகி ஆறும், நரம்பு அடங்கும். தொடர்ந்து எறிந்தால் இரண்டு விரல்களும் ஒருநாள் மரத்தது மரத்ததாகவே இருந்துவிடலாம். மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோர்க்கும் அறுவைச் சிகிச்சை வெளிநாடுகளில் உண்டு. தான் அதைச் செய்ததில்லை என்றும், எறியாத கைக்கு அது தேவையில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

சால்டரிங் செய்பவர்களுக்குத் தெரியும்: அந்த இரண்டு விரல்கள்தான் கையைப் போர்டின் மேல் ஊன்றிவைக்கின்றன. அவை மரத்தால் சால்டரிங் கம்பியின் முனை நடுங்கும். எனவே கேள்வி எளிமையாக இருந்தது. அந்த இரண்டு விரல்களைக் கொடுக்காமல் நான் மறுபடியும் பிட்சராக நிற்க முடியுமா?

மூன்று மாதம் எறியக் கூடாது. தூங்கும்போது கை மடங்காமல் இருக்க ஒரு நீளமான பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வாரம் இருமுறை பிசியோதெரபி (தசைகளைப் பழக்கிச் சரிசெய்யும் சிகிச்சை). கண்ணை மூடிக்கொண்டு பஞ்சையும் ஊசியையும் பிரித்துச் சொல்லும் சோதனையில், முதல் வாரம் பத்துக்கு நான்கு சரியாகச் சொன்னேன். பன்னிரண்டாம் வாரம் பத்துக்குப் பத்து. வேலையில் முனை நடுங்கவில்லை.

மருத்துவர் திருப்தியோடு, இனி இந்தக் கை எறியவே வேண்டாம் என்றார். இடது கையால் எறியலாமா என்று கேட்டேன்.

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அது என் சப்ஜெக்ட் இல்ல. ஆனா என்ன ஆகுதுன்னு எனக்கும் வந்து சொல்லுங்க."

எங்கள் கேட்சர் ஜோஸ்பின் விவேக் நகர்க்காரி. நான் எறியும் பந்துகளை ஐந்து ஆண்டுகளாக உட்கார்ந்து பிடித்தவள். இடது கையால் நான் எறிந்த முதல் பந்து எங்களுக்கு நடுவிலேயே விழுந்து உருண்டு போய் அவள் காலைத் தொட்டது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கல்யாண வீட்ல எலுமிச்சம்பழம் குடுக்கற மாதிரி குடுக்கற?" என்றாள்.

எனக்கு அவமானமாக இல்லை. ஆச்சரியமாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாகச் செய்த ஒன்றை என் உடம்பின் மறுபாதி கவனிக்கவே இல்லை. வலது கையிடம் கேட்டு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். வலது கை எப்படிச் செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பந்தை எப்போது விடுகிறேன்? காதருகிலா, முகத்துக்கு முன்னாலா? எந்த விரல் கடைசியாகப் பந்தைத் தொடுகிறது?

வீட்டில் பீரோக் கண்ணாடியின் முன் நின்று, பந்து இல்லாமல், வலது கையால் மிக மெதுவாக எறிவது போல் செய்தேன். கண்ணாடிக்குள் இருந்தவள் இடது கையால் எறிந்தாள். அவளைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பதினொரு படிகள் வந்தன. கை ஏழாவது படியில்தான் முன்னே வருகிறது. அதற்கு முன்னால் எல்லாம் கால், இடுப்பு, தோள். நான் இடது கைக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்க வேண்டியது வலது கால். எறியும்போது முன்னே வைக்கும் கால் எனக்கு எப்போதும் இடது. வலது காலை முன்னே வைத்ததும், படியே இல்லாத இடத்தில் இறங்கியது போல் விழப்போனேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பீரோ முன்னாடி நின்னு யாருக்குடி கை காட்டற?" என்றார்.

அன்றாட வேலைகளையும் இடது கையால் செய்யச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். பல் துலக்கினேன், பூட்டைத் திறந்தேன், தோசை திருப்பினேன். தோசை திருப்புவதுவரை அம்மா பொறுத்துக்கொண்டார். சாப்பாட்டில் அந்தக் கையை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மளிகைக் கடையில் மறதியாக இடது கையால் காசை நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை. கையை மாற்றும்வரை தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தைப் பிடிக்கும் கையுறை இன்னொரு சிக்கல். இடது கையால் எறிபவருக்கு வலது கைக்கான கையுறை வேண்டும். எங்கள் ஊரில் தேடிய இடங்களில் எங்கும் இல்லை. அல்சூரில் காலணி தைப்பவர் ஒருவர் பழைய கையுறை ஒன்றைப் பிரித்து, கட்டைவிரலை மறுபக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஜோஸ்பின் அதற்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்தாள்.

நான்கு மாதங்களில் பத்துப் பந்தில் ஆறு அவளுடைய கையுறைக்குப் போயின. ஏழு மாதங்களில் எட்டு. இந்த முறை போட்டுக் கொடுப்பது நான் இல்லை. மற்றவர்கள் முறை வைத்து எறிந்தார்கள். நோட்டில் வாரத்துக்கு நூறு பந்து என்று வரம்பு போட்டிருந்தேன். ஒரு வாரமும் மீறவில்லை.

எட்டாம் மாதம் இடது தோளின் முன்பக்கத்தில் வலி தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. லீக் ஆட்டங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

ஒரு மாலை பத்துப் பந்துக்குப் பிறகு ஜோஸ்பின் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"எங்கிட்ட ரீல் வுடாத. ஒரு வாரமா பந்து மேல மேல வருது. கை எறங்கிப் போவுது உனக்கு."

நூறுக்கு மேல் எறியவில்லை, நோட்டைப் பார் என்றேன்.

அவள் நோட்டை வாங்கவில்லை. "காலைல இந்த மைதானத்துப் பின்னாடி சுவத்துல போடறியே, அது எந்த நோட்ல இருக்கு?"

தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தச் சுவரில் எறிந்து வந்தேன். நாற்பது, சில நாள் அறுபது. பிடிக்க ஆள் இல்லாததால் அது எனக்கு எறிதலாகவே தோன்றவில்லை. வெறும் பழக்கம். ஓர் அங்கத்தை எப்படிக் கெடுத்தேனோ, அதே முறையில் இன்னொன்றையும் கெடுக்கத் தொடங்கியிருந்தேன். அதுவும் காரணம் தெரிந்த பிறகு.

"உனக்கு யார் தெரியுமா வியாதி? கை இல்லடி. நீதான்," என்றாள். பிறகு, "பிடு, வுடு, இன்னைக்குப் போதும்," என்று சொல்லி என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

மருத்துவரிடம் இந்த முறை நல்ல செய்தி கிடைத்தது: தசைநாணில் வீக்கம் மட்டுமே, கிழிசல் இல்லை. ஆறு வாரம் ஓய்வு. அதற்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒரே விதி சொன்னார். ஒரு நாளில் முப்பது. சுவர், பயிற்சி, ஆட்டம், உடம்பைச் சூடேற்ற எறிவது, எல்லாம் சேர்த்து. எண்ணுவது நான் அல்ல, ஜோஸ்பின். அதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. என்னைவிட என் உடம்பைப் பற்றி இன்னொருத்திக்குச் சரியாகத் தெரியும் என்பது ஒரு தகவல். மருந்துச் சீட்டைப் போல அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வலது முழங்கை போய் ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு லீக் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸில் என்னை எறிய அனுப்பினார்கள். எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய், இந்தப் பெண் வலது கைக்காரி ஆயிற்றே என்று முறையிட்டார். நடுவர் என் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, ரெண்டுமே அவங்க கைதானே என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினார்.

முதல் பந்து ஆட்டக்காரியின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. நான்கு நான்கு பந்துகள் குறி தவறியதால் இரண்டு பேர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்தார்கள். ஒருத்தி அடித்ததில் ஒரு ரன் போயிற்று. மூன்று பேரை வெளியேற்றி அந்த இன்னிங்ஸை முடித்தேன். சூடேற்றியதோடு சேர்த்து இருபத்தொன்பது என்று விரல்களால் காட்டினாள் ஜோஸ்பின். நான் இறங்கிவந்து உட்கார்ந்தேன். வலது கையின் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உணர்ச்சி இருந்தது.

வலது கையால் எறிந்த காலத்தில், எறிய வேண்டும் என்று நினைப்பதற்குள் பந்து போயிருக்கும். இடையில் எதுவும் இருக்காது. இப்போது அந்த இடைவெளிக்குள் என்னால் நடமாட முடிகிறது. கால் தரையில் ஊன்றுவதும், இடுப்பு திரும்புவதும், பந்தின் தையல் நடுவிரலை விட்டுப் போவதும் எனக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒரே உடம்பில் இரண்டு வேகத்தில் நேரம் ஓடுகிறது. வலது கைக்கு என் வயது. இடது கைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அது விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

இன்றைய நிலைமை இது. வலது முழங்கை முழுதாக நீள்வதில்லை. சட்டை மாட்டும்போது மட்டும் அது தெரியும். விரல்கள் நன்றாக இருக்கின்றன, வேலை தொடர்கிறது. மாநில அணித் தேர்வுக்கு என்னை அழைக்கவில்லை. என் வேகம் போதாது. எங்கள் அணியில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் எறிகிறேன். முப்பதாவது பந்தில் ஜோஸ்பின் எழுந்து நின்றுவிடுவாள். முப்பத்தொன்றாவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.