அவர் தோளில் பூசிய மருந்து

முதலில் கெட்டது தொண்டை. குரல் கட்டையாகி ஆண்குரல் போல் ஆனது. சளிதான் என்று மிளகுப் பால், சுக்குக் கஷாயம் எல்லாம் குடித்தேன். எதற்கும் மசியவில்லை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த என் மகள், "நீ கொந்துக்கு ஏமைந்தி அம்மா?" (உன் தொண்டைக்கு என்ன ஆச்சு) என்று தெலுங்கில் கேட்டாள். அது தெரிந்தால்தான் சொல்லிவிடுவேனே!

அடுத்து மோவாயில் முடி. ஒன்றிரண்டு என்றால் பிடுங்கிப் போடலாம். இது தாடியாகவே வந்தது. மாதவிடாய் நின்றது. கண்ணாடி பார்க்கவே பயந்தேன்.

தார்நாகாவில் ஹார்மோன் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். என் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்தன்மை தரும் ஹார்மோன்; பெண்களுக்கு இம்மியளவே சுரக்கும்) எக்கச்சக்கம். சினைப்பையிலோ அட்ரீனலிலோ (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) கட்டி இருக்கலாம் என்றார். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தும் கட்டி அகப்படவில்லை. கட்டி இருந்தாலாவது வெட்டி எறியலாமே என்று அழுதேன். கட்டி வேண்டும் என்று சாமியிடம் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"வீட்டில் யாராவது ஹார்மோன் ஜெல் பூசுகிறார்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் தலை குனிந்துகொண்டார்.

அவருக்குச் சர்க்கரை நோய். அதோடு ஹார்மோன் குறைந்து, விறைப்புக் குறைபாடும் (உறவின்போது உறுப்பு விறைக்காமல் போவது) இருந்தது. என்னிடம் மூச்சுவிடாமல் ஜெல் வாங்கி, தினமும் குளித்ததும் தோளில் பூசியிருக்கிறார். அதே தோள்தான் இறுகிப்போய்க் கை தூக்க முடியாமல் கிடந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவர் வந்ததும் தைலம் தேய்த்துவிட்டது நான். வெறுங்கையால்.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஜெல் குடுத்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லத்தான் செஞ்சாங்க. பூசுன எடத்த யாரும் தொடக்கூடாது, கையக் கழுவணும், சட்டையப் போட்டு மூடணும்னு. காலைல பூசுறதுதான, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்ல?"

ஓங்கி அறையலாம் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

உங்கள் வீட்டிலும் இந்த ஜெல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். காய்ந்துவிட்டாலும், சோப்புப் போட்டுக் கழுவும்வரை மருந்து தோலில்தான் இருக்கும். பெண்கள், குழந்தைகள் மேல் அது படவே கூடாது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தால் மருந்து கொடுக்கும் நர்ஸையே சொல்லச் சொல்லுங்கள். வெட்கத்தை மறைக்கலாம், மருந்தை மறைக்காதீர்கள்.

அவர் மருத்துவரைக் கேட்டு ஊசிக்கு மாறிவிட்டார். எனக்கு முடி குறைகிறது. மாதவிடாய் திரும்பியது. பழைய குரல் மட்டும் வரவில்லை. குரல்நாண் (குரலை எழுப்பும் தசை மடிப்பு) தடித்துவிட்டதாம். பழையபடி ஆகாமலே போகலாம் என்றார் மருத்துவர். இந்தக் குரலோடுதான் நாளைக் கடத்துகிறேன்.

திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மாவுக்குக் கண் தெரியாது. ஆளை அறிவது குரலை வைத்துத்தான். என் குரல் சரியாகட்டும் என்று இத்தனை மாதமும் மகளையே பேசவிட்டிருந்தேன். இனி எதற்குக் காத்திருப்பது என்று போன வாரம் நானே போனில் கூப்பிட்டு, "அம்மா" என்றேன்.

"யாரு, மாப்ளயா? நல்லாருக்கியளா?" என்றாள். "எம்மவ கொரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! அவகிட்டக் கொஞ்சம் குடுங்களேன்."

நான்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கடைக்குப் போயிருக்கா அத்த. வந்ததும் பேசச் சொல்லுதேன்" என்றேன்.