வால் முனையில் இரண்டு கீறல்

இன்னொருவரின் வலியை எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது வலியாகத் தெரியாமல் போகும்? கால்நடை ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த அவளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி வரும்.

அங்கே அவளுக்கு ஈயக்கா என்று பெயர். ஆடுமாடுகளின் புண்ணில் எடுத்த புழுக்கள் சீசாவில் வரும். எந்த ஈயின் புழு, எத்தனை நாள் புழு என்று சொல்வது அவள் வேலை. தலைப்பக்கத்து மூச்சுக்காம்பில் விரல் போல நாலைந்து கிளைதான் விரிந்திருந்தால், உயிருள்ள சதையைத் தின்னும் ஜாதி. வால் முனையில் மூச்சு விட இரண்டு பழுப்பு வட்டங்கள் இருக்கும். வட்டத்துக்கு இரண்டு கீறல் என்றால் முட்டை விழுந்து இரண்டு நாளுக்குள். மூன்று என்றால் அதற்கு மேல்.

ஒரு திங்கட்கிழமை காலை, இடுப்பு முறிந்து படுத்திருந்த அவள் கணவனின் குதிகால் புண்ணில் புழு நெளிந்தது. வார நாளில் அவரைப் பார்த்துக்கொள்பவள் நாத்தனார். புருஷன் விட்டுப் போனதால் அண்ணன் வீட்டோடு இருப்பவள். சனி, ஞாயிறு அவள் சந்தையில் தையல் வேலைக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு நாளும் ஈயக்காவின் பொறுப்பு.

ஈயக்கா இடுக்கியோடு உட்கார்ந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"ஆடாதீங்க. புழுவோட வால் அறுந்தா ஒண்ணும் தெரியாது."

"அண்ணி, அது அண்ணன் காலு. ஆட்டுக் காலு இல்ல."

"தெரியும். வெளிச்சத்த மறைக்காத."

நேரே ஸ்பிரிட்டில் போட்டால் புழு கறுத்துச் சுருங்கிவிடும். முதலில் வெந்நீரில் போட்டாள், பிறகுதான் ஸ்பிரிட். மொத்தம் பதினைந்து, எல்லாமே முழுசாக வந்தன.

வீடு கணவனின் அண்ணனுடையது. அவர் வாசலில் நின்றே சொன்னார்: "என் வீட்ல இருந்துகிட்டு என் தம்பிக்குப் புழு வைக்க விட்டவ எவளோ, அவ பெட்டியக் கட்டட்டும். நீதான் புழுவுக்கே ஜாதகம் பாக்குறவளாச்சே, எந்த நாள்னு சொல்லு."

ஆய்வுக்கூடத்தில் பதினைந்தையும் பார்த்தாள். விரல் நாலு. கீறல் எல்லாவற்றிலும் இரண்டு. சனிக்கிழமை மத்தியானம் கட்டைப் பிரித்துப் புண்ணைக் காற்றாட விட்டுவிட்டு அவள் அசந்து தூங்கியிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள்: "மூணு கீறல். வெள்ளிக்கிழமையோ அதுக்கு முந்தியோ வந்தது."

"வெள்ளிக்கிழமை நான்தானே கட்டு மாத்தினேன்," என்றாள் நாத்தனார். "அவ்வளவு சுத்தமா இருந்துச்சே அண்ணி."

"முட்டை கண்ணுக்குத் தெரியாது."

அதுவும் பொய். அந்த ஈயின் முட்டைகள் புண்ணோரத்தில் வெள்ளைக் கட்டியாகப் பளிச்சென்று ஒட்டியிருக்கும். சனிக்கிழமை அவள் தூங்கியது கணவனுக்குத் தெரியும். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் நாளைக்குக் கட்டு மாற்ற ஒரு கை வேண்டும்.

நாத்தனார் ஒரு பையோடு இறங்கினாள். எங்கே போவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. "தையல் மெஷின எப்ப எடுக்க வருவே? இடத்த அடைக்குது," என்று மட்டும் ஈயக்கா கேட்டாள்.

வீட்டுப் புழுவை ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவள் அதைத் திறந்தாள். விலங்கு என்ற இடத்தில் 'மனிதர்' என்று எழுதி, வீட்டு விலாசத்தையும் எழுதினாள். கீறல் இரண்டு, முட்டை விழுந்தது சனிக்கிழமை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அதை நகலெடுத்து, கணவனின் அண்ணன் பெயருக்கு உறை எழுதி, வெளியே போகும் தபாலோடு வைத்தாள்.