கஞ்சியில் ஆறாத புண்

என் நாத்தனார் ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவள் கஞ்சிதான் என் வயிற்று ஆபரேஷன் புண்ணை ஆற்றியதாம். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலக்குடலில் கட்டி என்று வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஷாக் அடிக்கும் என்று பயந்து, வளையலைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. கூடவே கீமோ மாத்திரை. பிறகு கட்டியை அறுத்தெடுத்துவிட்டுக் குடலின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஒட்டும்வரை அந்தப் பக்கம் எதுவும் போகக் கூடாதென்று வயிற்றோரமாக வழி வைத்து, மலம் இறங்க ஒரு பை மாட்டிவிட்டார்கள். அந்தப் பை இருக்கிறதே, பஸ்ஸில் உட்கார்ந்தால் அது பாட்டுக்குச் சத்தம் போடும். பக்கத்தில் இருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அந்தப் பை போக வேண்டும்.

"கரண்ட் வெச்ச எடத்துல ரத்த ஓட்டம் கம்மி, ஆயா. உள்தையல் மெதுவாத்தான் ஒட்டும்" என்றார் டாக்டரம்மா. "வெளிப்புண்ணு முதல்ல ஆறணும். அப்புறம் மிச்ச கீமோ. அதுக்கப்புறம்தான் பைய எடுப்போம். நல்லா சாப்புடுங்க. தெனம் முட்டை, மீனு, பருப்பு."

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். அவரோட தங்கச்சி. வாய்தான் பெரிசு, கை சுத்தம். என் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாப்பாடு என்றால் காலையில் கஞ்சி, மத்தியானம் ரசச்சோறு, ராத்திரி மறுபடி கஞ்சி. மருந்தில் நாக்கு மரத்துப் போயிருந்தது. கொடுத்ததை விழுங்கினேன். முட்டை ஏன் வரவில்லை என்று கேட்கவும் கூச்சம். வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்து ஓய்ந்த மனுஷன், எல்லாச் செலவுக்கும் அலைகிறார், முட்டைக்கும் அவரை விரட்டுவதா?

புண் ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் தண்ணியாகக் கசிந்துகொண்டே இருந்தது. மறுபடி வேலூருக்குப் போனோம், வீட்டுக்காரரும் நாத்தனாரும் நானும். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். எடை பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இப்ப கீமோ குடுக்க முடியாது, ஆயா. பை எடுக்கறதும் தள்ளிப்போவுது. முட்டை சாப்புடறீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தெனம் காலைல நானேதாம்மா வாங்கியாந்து குடுக்குறேன்!"

நான் திரும்பி நாத்தனாரைப் பார்த்தேன். அவள் வெட்கப்படவே இல்லை. "கவிச்சி சேர்த்தா தையல் சீழ் புடிக்கும், டாக்டரம்மா. பத்தியம் இல்லாம எந்தப் புண்ணு ஆறியிருக்கு? அதான் முட்டைய எடுத்து எம் பேரப் புள்ளைங்களுக்குக் குடுத்தனுப்பிட்டேன்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்மே, நீயும் நானும் எத்தினி வருசமா வீட்ல ஒக்காந்து ஷூ மேல்தோலு தைக்கிறோம்! எண்ணெ இல்லாம காஞ்ச தோலு வந்தா நீ இன்னா பண்ணுவ? ஊசி போட்டா ஓட்டையோட கிழியும்னு ஏஜெண்டு மூஞ்சியிலயே வீசுவல்ல? கரண்ட் வெச்சு, கீமோ குடுத்து, காஞ்சு கெடக்குது இந்த ஒடம்பு. இதுக்கு மட்டும் கஞ்சித்தண்ணியா?"

"ஒன் நல்லதுக்குத்தான அண்ணி..."

"எது நல்லது? இந்தப் பைய இன்னும் எத்தினி மாசம் நான் சொமக்கறது? நீ மாட்டிக்கிறியா?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனுக்கு எப்போதும் கூரையில்தான் வேலை.

அன்று முதல் முட்டையை என் கண்ணெதிரில்தான் உரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். நாத்தனார் உரித்துக்கொண்டே முணுமுணுப்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே மெல்லுவேன். எங்கள் தெரு பாய் வீட்டம்மா ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பினார். அதற்கும் முணுமுணுப்பு. புண் அடியிலிருந்து மெல்லச் சிவந்து, மேலேறி மூடியது. கீமோ முடிந்தது. உள்ளே மருந்து விட்டுப் படம் எடுத்து, தையல் கசியவில்லை என்றார்கள். பையை எடுத்துக் குடலைத் திரும்பச் சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. நர்ஸ் வந்தாலும், பெருக்குகிறவள் வந்தாலும், "ஆயா, காத்து பிரிஞ்சுதா?" பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறதென்று அர்த்தமாம். எனக்கோ ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஆரம்பித்தாள். "எல்லாம் நான் ஊத்துன கஞ்சிதான். ஆரம்பத்துல அப்பிடி பத்தியம் காத்ததாலதான் எங்க அண்ணிக்கு..."

அடிவயிற்றிலிருந்து கோபம் எழும்பியது. வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே வந்துவிட்டது. வார்டுக்கே கேட்டது.

"ஆயாவுக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு!" என்று நர்ஸ் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரி கை தட்டினாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"ஏம்மே, கேட்டுச்சா? கஞ்சிக்கு இவ்ளோ சத்தம் வராது" என்றேன் நாத்தனாரிடம்.

அப்படியும் தெருவில் கஞ்சி என்றுதான் சொல்கிறாள்.