மூன்றாவது குடும்ப விசேஷம்

அலுவலகக் கழிவறைச் சுவரில் ஒரு வாசனைப் பெட்டி இருக்கிறது. ஆள் நுழைந்தால் 'புஸ்' என்று மூச்சு விடும். கேட்டதும் என் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். வேலூரில் கண் டாக்டரிடம் தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால், இயந்திரம் இதே ஒலியோடு விழியில் காற்றை ஊதி அழுத்தத்தை அளக்கும். எனக்கு அது கூடியிருந்தது. குளுக்கோமா என்றார். வலிக்காது, ஓரங்களிலிருந்து உலகம் மெல்ல உள்வாங்கும், இப்போதைக்கு மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் எழுத்துப் பார்ப்பது.

அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் தன் நோய்க்காக விடுப்புக் கேட்டதில்லை. கேட்டால் நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். அதனால் மச்சினிக்கு வளைகாப்பு, அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்போம். முதலாளியும் நம்புவார். மூலத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போதெல்லாம் அவரும் திருப்பதி என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு தடவைகூட மொட்டை அடித்துக்கொண்டு திரும்பியதில்லை.

அச்சகம் மூடியது. நாற்பத்தேழு வயதில் பெங்களூருக்கு வந்தேன். கைபேசிச் செயலிகளில் வரும் தமிழைச் சரிபார்க்கும் வேலை. ஆறு மாதம் புரொபேஷன். இங்கே எல்லோருடைய நாள்காட்டியும் கணினியில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. 'ரூட் கேனால்' என்று ஒருவர் போடுகிறார். 'தெரபி' என்று ஒரு பெண். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மாதாமாதம் 'குடும்ப விசேஷம்' என்று போட்டேன். சிலர் 'கங்கிராட்ஸ்' என்று பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். நன்றி சொன்னேன்.

மூன்றாவது விசேஷத்தன்று சிவாஜிநகர் கண் ஆஸ்பத்திரியில் கண்பாவை விரிய மருந்து விட்டார்கள். சோதனை முடிந்து வெளியே வரும்போது நர்ஸ் கன்னடத்தில் "ஹோகி பன்னி" என்றார். போய் வாருங்கள். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் யாரும் 'போய்ட்டு வரேன்' சொல்வதில்லை. மறுபடி இழுத்து வந்துவிடுமாம். தலையை மட்டும் ஆட்டினேன். தெருவெல்லாம் வெயில் பாலாகக் கொட்டிக் கிடந்தது. அரை நாள் விடுப்புதான் போட்டிருந்தேன். நேராக அலுவலகம் போனேன்.

மேலாளர் சவிதா மடிக்கணினியோடு வந்தார். இதே ஊர் ஜோகுபாளையத்துத் தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர்.

"சார், இந்த ஒரு ஸ்கிரீன் மட்டும் பாத்து ஓகே சொல்லுங்க. ஈவ்னிங் லைவ் போகுது."

வெள்ளையில் எறும்புகள் ஊர்ந்தன. நெற்றியைச் சுருக்கினேன். இத்தனை வருடத்தில் படிந்த தொழில் சுருக்கம் அது.

"நல்லாருக்கு மேடம். ஒரு கமா மட்டும் எடுத்துடலாம்."

"சார், இது கன்னடா. தப்பா ஓப்பன் பண்ணிட்டேன்."

அவர் குனிந்து என் கண்களைப் பார்த்தார்.

"விசேஷத்துல கண்ணுல என்ன ஊத்துனாங்க?"

சொன்னேன். வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

"புரொபேஷன்ல சொன்னா அனுப்பிடுவாங்கன்னு பயமா?"

"ஆமா மேடம்."

"பாக்காம ஓகே சொன்னாதான் சார் அனுப்புவாங்க. அதுலயும் கன்னடாவுல போய்க் கமா எடுக்கறீங்க."

வேறு உறுதி எதுவும் தரவில்லை. தமிழ்ப் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்தார். போகும்போது என் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போனார். ஒவ்வோர் எழுத்தும் கடைப் பலகை அளவுக்கு நின்றது.

அடுத்தது பார்வைப் பரப்புச் சோதனை. ஓரத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடும். இந்த வேலை எத்தனை நாளைக்கு என்பதையும் ஏறக்குறைய அதுவே சொல்லிவிடும். நாள்காட்டியில் 'கண் ஆஸ்பத்திரி' என்று போட்டேன். யாரும் பூங்கொத்து அனுப்பவில்லை.

சோதனை நாளன்று காலை அலுவலகத்தில் பையோடு நாற்காலியிலிருந்து எழுந்தேன். அச்சகத்தைக் கடைசியாகப் பூட்டிய அன்று 'கிளம்புறேன்' என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்; அங்கே திரும்பிப் போக இடமில்லை. இங்கே 'வரேன்' என்று சொல்ல இன்னும் வாய் வருவதில்லை.

"கிளம்புறேன் மேடம்."

சவிதா திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன சார் கிளம்புறேன்? ரெண்டு மணிக்கு ரிவ்யூ இருக்கு. ஹோகி பன்னி."

"வரேன் மேடம்."