கிளையாறு திரும்பி ஓடிய காலை

பெக்கோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, கிளையாற்றங்கரையில் இருபது வீடுகள் இருந்தன. மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் நிறுவனத்தை மாவட்ட அலுவலகத்தார் கேட்டிருந்தார்கள். தெப்ராவ் அலுவலகத்திலிருந்து நானும் டெக்னீஷியன் அஸ்மானும் போயிருந்தோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பெய்த மழையில் எவ்வளவு தண்ணீர் ஆற்றுக்கு வரும் என்று கணக்கிடுவது ஹைட்ராலஜி. வந்த தண்ணீர் எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் போகும் என்று பார்ப்பது ஹைட்ராலிக்ஸ். இரண்டையும் வைத்து அந்தக் கிளையாற்றுக்குக் கணினியில் மாடல் செய்தவள் நான்தான். வெள்ளத்தின் உச்சம் கடந்துவிட்டது என்றது மாடல். மேலே மலையடிவாரத்தில் நாங்கள் வைத்திருந்த கேஜ் என்ற நீர்மட்டமானியிலும் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குடியிருப்பின் தலைவர் தேவராஜ் லோரி ஓட்டுபவர். ஆட்களை ஏற்றுவதற்காகத் தன் லோரியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். இனித் தண்ணீர் ஏறாது, எல்லோரும் வீட்டிலேயே இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அப்படியானால் வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். போய்விட்டார்.

பள்ளி கேண்டீனில் சமைக்கும் ராஜம்மா அக்கா கல்வெர்ட் எனும் சிறு பாலத்தின் மேல் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்புக்கு இருந்த ஒரே சாலை அந்தக் கல்வெர்ட் மேல்தான் போகிறது. நான் காரில் ஏறப் போகும்போது கூப்பிட்டார்.

“மேடம், கொஞ்சம் இங்க வந்து பாருங்க. காலைல குப்பையெல்லாம் அந்தப் பக்கம் போச்சு. இப்ப இந்தப் பக்கம் வருது.”

போய்ப் பார்த்தேன். ஒரு செம்பனை மட்டை, அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதன் பின்னால் அகலமான பழுப்புத் தண்ணீர். எல்லாம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சுழிப்பு இல்லை, சத்தம் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆறுகளை அளந்தவள் நான். ஓர் ஆறு வந்த வழியே திரும்பிப் போவதை அதுவரை கண்டதில்லை. அவ்வளவு தண்ணீரையும் அவ்வளவு அமைதியாக எது தள்ளுகிறது என்று வியந்து நின்றுவிட்டேன். பயம் பிறகுதான் வந்தது.

பேக்வாட்டர் என்று பாடத்தில் படித்ததுதான். கீழே, இந்தக் கிளையாறு போய்ச் சேரும் பெரிய ஆறு பொங்கி, தன் தண்ணீரை இதற்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. என் மாடலில் பெரிய ஆற்றுக்கு வழக்கமான மழைக்கால மட்டத்தைக் கொடுத்திருந்தேன். மேலிருந்து வரும் தண்ணீரை மாடல் சரியாகத்தான் சொன்னது. கீழிருந்து வருவதை அதனிடம் நான் கேட்கவே இல்லை.

அஸ்மான் அளவுக் கம்பை இறக்கிப் பார்த்துவிட்டு, சாலையைத் தொட இரண்டு சாண்தான் பாக்கி என்றார். தேவராஜுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, நான் சொன்னது தப்பு. தண்ணி கீழருந்து ஏறுது. லோரிய திருப்புங்க.”

“எவ்ளோ நேரம் இருக்கு மேடம்?”

“ஒரு மணி நேரம்கூட இல்லண்ணே.”

வருகிறேன் என்று வைத்துவிட்டார். ராஜம்மா அக்கா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இப்போதுதானே இருக்கச் சொன்னீர்கள் என்று சிலர் என்னிடம் கோபப்பட்டார்கள். நியாயம்தான். என் கணக்குத் தவறிவிட்டது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒருவரை மெத்தையோடு தூக்கினோம். லோரி இரண்டு நடை போனது. இரண்டாம் நடையில் கல்வெர்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. இரு பக்கக் கைப்பிடிக் கம்பிகளையும் பார்த்து நடுவில் பிடித்து ஓட்டினார் தேவராஜ்.

மேட்டில் இருந்த தேவாலயத்து வாசலிலிருந்து எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வீடுகளுக்குள் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கமாக, செம்பனை வரிசைகளுக்கு இடையே பரவி வந்தது. கிளையாறு எது, பெரிய ஆறு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே நீர்ப்பரப்பு. தலை எண்ணி முடித்த ராஜம்மா அக்கா, எல்லோரும் இருக்கிறார்கள் என்றார்.

தண்ணீர் வடிந்ததும் கீழ் எல்லையின், அதாவது பெரிய ஆற்றின், நீர்மட்டத்தை மாற்றி மாடலை மறுபடி ஓட்டினேன். வீடுகள் மூழ்கின, திரையில். அன்றிலிருந்து யாருடைய ரிப்போர்ட் கையில் வந்தாலும், கீழ் எல்லைக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

என் ரிப்போர்ட்டில், நீரோட்டம் திசை மாறிய நேரத்துக்கு எதிரே, ‘கவனித்தவர்: ராஜம்மா, குடியிருப்பாளர்’ என்று எழுதினேன். மேலாளர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இந்தப் பேரு எதுக்கு லா?”

“அந்த எடத்துல நம்மகிட்ட வேற கேஜ் இல்ல சார்.”

விரலை எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.