சந்தனம் பட்ட டிஸ்கட்

விஜயதசமியன்று காலை ஒன்பதே காலுக்கு அந்த டிஸ்கட்டைக் கம்ப்யூட்டருக்குள் செருகினேன். தினமும் கேட்கும் மெல்லிய உறுமல் வரவில்லை. தேங்காய்ச் சிரட்டையைக் கத்தியால் சுரண்டுவது போன்ற சத்தம்தான் வந்தது. திரையில், படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வெளியே இழுத்துப் பார்த்தேன். கறுப்பு உறையின் திறப்பு வழியாகச் சந்தனம் வழிந்து, உள்ளே இருந்த பழுப்புத் தகட்டில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

முந்தைய நாள் ஆயுத பூஜை. என் கணவர் இறந்த பிறகு எங்கள் அச்சுக்கோப்புக் கடையில் நடந்த முதல் பூஜை அது. அதற்கு முந்தைய வருஷம் துக்கம் என்பதால் செய்யவில்லை. அவர் இருந்தவரை சந்தனம் குழைப்பதிலிருந்து தேங்காய் உடைப்பது வரை எல்லாம் அவர்தான். இந்த முறை, "நான் செய்றேம்மா, நீங்க உக்காருங்க" என்று மகள் முன்வந்தாள். குங்குமத் தட்டை நான் தொடலாமா கூடாதா என்று எனக்கே தெரியாத காலம். வாசலில் நாற்காலியைப் போட்டு, சிராங்கூன் சாலையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவள் கம்ப்யூட்டர், பிரிண்டர், கத்தரி, ஸ்டேப்லர் என ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள். அப்பா கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட டிஸ்கட்டை மட்டும் எப்படி விடுவாள்? அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டு.

அந்த டிஸ்கட்டில் இருந்தது ஒரு தமிழ் எழுத்து வகை, ஃபான்ட் என்பார்களே அது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் ஒவ்வொரு வளைவையும் வரைந்து, கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி செய்தது. அதை நாங்கள் வாங்கினோம் என்று சொல்வது சரியில்லை. பயன்படுத்த அனுமதி வாங்கினோம்: ஒருவர் பெயரில், ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு. படி எடுத்தால் ஓடாது. அசல் டிஸ்கட் உள்ளே இருந்தால்தான் எழுத்து திரைக்கு வரும். "இது வீடு வாங்குற மாதிரி இல்ல, வாடகைக்கு இருக்குற மாதிரி" என்பார் என் கணவர்.

அப்போது கையில் இருந்த வேலை ஒரு கோயிலின் குடமுழுக்கு மலர். முதல் பாதி அச்சாகிவிட்டது. பின்பாதியை அதே எழுத்தில் கோத்துத் தர வேண்டும். குடமுழுக்கு நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. மலர் வராவிட்டால் அந்தக் கோயில் வேலை போய்விடும், அதைப் பார்த்து மற்றக் கோயில்களும் சங்கங்களும் வேறு கடைக்குப் போய்விடும். அவர் இல்லாமல் இந்தக் கடை எத்தனை நாளைக்கு என்ற பேச்சு ஏற்கெனவே என் காதில் விழுந்திருந்தது. அந்தக் கடையை நம்பித்தான் நானும் மகளும் இருந்தோம்.

ஷென்டன் வேயில் இருந்த, அந்த எழுத்தை எங்களுக்கு விற்ற ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். உரிமம் யார் பெயரில் என்று கேட்டாள். சொன்னேன். அப்படியானால் அவரே பேச வேண்டும் என்றாள். அவர் இறந்துவிட்டார் என்றேன். அவள் உண்மையாகவே வருந்தினாள். பிறகு, உரிமம் அவருக்குக் கொடுக்கப்பட்டது, பெயர் மாற்றத் தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும், சான்றிதழோடு எழுதுங்கள், சில மாதம் ஆகும் என்றாள். புது டிஸ்கட் மட்டுமாவது கிடைக்குமா என்றதற்கு, அதற்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்றாள்.

வீட்டையும் வங்கிக் கணக்கையும் என் பெயருக்கு மாற்றியிருந்தேன். எழுத்துக்கும் அப்படி ஒன்று உண்டு என்று யாரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அவர் இல்லை என்பதை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ம்மா, மெஷின் எப்படி? பூஜை போட்டதும் ஸ்பீடா ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. நீ படி."

"அப்பா மாதிரியே செஞ்சேன்ல?"

"அப்பாவ விட நல்லாவே செஞ்சே."

"சும்மா சொல்லாதீங்க லா" என்று சிரித்தாள்.

ஏ லெவல் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. அப்பா போனதிலிருந்து தூக்கமில்லாமல், வகுப்புத் தேர்வுகளில் தோற்று, அப்போதுதான் மெல்ல எழுந்து நின்றிருந்தாள். அப்பாவின் பொருளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் என்ன ஆவாள்? கடை போவதைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டதால் இப்போது எழுதுகிறேன். ஆனாலும் ஒரு டிஸ்கட்டைக் கையில் எடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் என்னால் உள்ளே போட முடிவதில்லை.

மறுநாள் கோயில் செயலாளர் கடைக்கு வந்தார். "என்னம்மா, சாமி சன்னதிக்கு வந்துடும் போல, உங்க மலர் வராது போல இருக்கே!"

"வந்துடும் ஐயா."

"எழுத்த மட்டும் மாத்திடாதீங்க. முன்னால ஒரு மாதிரி, பின்னால ஒரு மாதிரின்னா கமிட்டியில என்னைத்தான் பொரிச்சு எடுப்பாங்க."

அவர் போனதும் கடையைப் பூட்டிக்கொண்டு நாரிஸ் சாலைக்கு நடந்தேன். அதே எழுத்து இருந்த வேறு கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மாதா கோயில் வெளியீடுகளைச் செய்துகொடுக்கும் ஒரு கத்தோலிக்கப் பெரியவருடைய கடை, பழைய கட்டடத்தின் மாடியில். அவரும் என் கணவரும் சேர்ந்து ஒரே டிஸ்கட் வாங்கி இரண்டு கடையிலும் ஓட்டலாம் என்று பேசியிருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு என் கணவர், அது தப்பு என்று பின்வாங்கிவிட்டார். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர் பின்னால் நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

"யாரு, சட்டம் பேசுறவரு வீட்டம்மாவா?" என்றார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. என் முகத்தைக் கண்டதும் ஒரு நாற்காலியில் இருந்த காகிதத்தை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காரு தங்கச்சி."

எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"டிஸ்கட்டுக்குப் பொட்டா!" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஆளுங்களா இருந்தா தீர்த்தம் தெளிச்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான் போ." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என் டிஸ்கட்டக் கேக்க வந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"குடுக்க முடியாது தங்கச்சி. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏஜென்ட் ஆளு அப்பப்ப வந்து எட்டிப் பாக்குறான். உன் மெஷின்ல என் டிஸ்கட்டப் பாத்தான்னா ரெண்டு கடையும் காலி."

"இங்க வந்து அடிச்சுக்கட்டுமாண்ணே?"

"தாராளமா அடி. ஆனா என் பிரிண்டர் புள்ளி புள்ளியா அடிக்கும். உன்னோடது லேசர். ரெண்டையும் ஒரே புத்தகத்துல வச்சா சின்னப் புள்ளகூடக் கண்டுபிடிச்சிடும். உன் பிரிண்டர இந்தப் படியில ஏத்தவும் முடியாது."

அவர் சொன்னது சரிதான். இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் பிரிண்டர் அது, படியோ ஒரு ஆள் ஏறும் அகலம். அவர் மறுபடி மாதா கோயில் விழா மலரைத் திருத்தக் குனிந்துகொண்டார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, வெறும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் இருக்க வேண்டுமே. தீபாவளிக் கூட்டம் ஆரம்பமாகிவிட்டது. பக்கத்து கேசட் கடையில் பாட்டு அலறியது. புதுத்துணிப் பைகளோடு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கொண்டுவந்த சோற்றைத் திறக்க மனம் வரவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் மகள் கேட்பாள் என்று பின்சந்தில் புறாக்களுக்குப் போட்டேன். போன் அடித்தால் "நடக்குது, நடக்குது" என்றேன்.

சனிக்கிழமை மதியம், இனி மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. மலரை வேறு இடத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட, செயலாளருக்குப் போனைச் சுழற்றத் தொடங்கினேன். அப்போது கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் தடதடவென்று சக்கரச் சத்தம் வந்து எங்கள் வாசலில் நின்றது.

தேக்கா சந்தையில் காய்கறி மூட்டை இழுக்கும் தள்ளுவண்டி. அதன்மேல், போர்வையில் சுற்றி ராஃபியா கயிற்றால் கட்டிய ஒரு கம்ப்யூட்டர். அதைப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், நாரிஸ் சாலைப் பெரியவர்.

"டிஸ்கட்டு இந்த மெஷின விட்டு இறங்கக்கூடாதுன்னுதான் ஒப்பந்தத்துல எழுதியிருக்கு" என்றார் மூச்சு வாங்கியபடி. "இறங்கல. உள்ளதான் இருக்கு. மெஷின் ரோட்டுல போகக்கூடாதுன்னு எங்கயும் எழுதல, நேத்து முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன். எங்க மலர் முடிஞ்சிருச்சு, உன் லேசர்ல மாட்டி, உன் வேலை முடியுற வரைக்கும் வச்சுக்க. மககிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. பரீட்ச முடியட்டும். சரி, இப்படிப் பாத்துக்கிட்டே நிக்காம ஒரு பக்கம் புடி. பிளக்கு எங்க இருக்கு?"